அசைவைக் குறைத்த பிறகுதான் மூச்சு மிஞ்சியது

முதல் முறை ஸ்பாரிங்குக்காக, அதாவது பயிற்சிச் சண்டைக்காக, குத்துச்சண்டை ரிங்கில் ஏறியபோது எனக்கு வயது 33. எதிரே நின்றவர் 50ஐத் தாண்டியவர். நான் வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவன், 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடிப்பேன். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. 3 நிமிட ரவுண்டு, நடுவில் 1 நிமிடம் ஓய்வு, மொத்தம் 3 ரவுண்டு என்று பேச்சு. இரண்டாவது ரவுண்டின் பாதியிலேயே என் கைகள் கன்னத்தை விட்டு இறங்கிவிட்டன. தூக்க வேண்டும் என்று தெரிகிறது, தூக்க முடியவில்லை. அவர் வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டபடி, காலாற நடக்க வந்தவர் போல என்னைச் சுற்றி வந்தார். மூன்றாவது ரவுண்டு நடக்கவே இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்ற மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

ஸ்டாமினா போதவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் ஓட்டத்தைக் கூட்டினேன், கயிறு தாண்டினேன், தொங்கும் குத்துப்பையில், அதாவது பேக்கில், கை வலிக்கும்வரை குத்தினேன். மறுபடியும் அதே மனிதரோடு ஸ்பாரிங். இந்த முறை இரண்டாவது ரவுண்டில் இன்னும் ஒரு முக்கால் நிமிடம் தாங்கினேன். இரண்டு மாத உழைப்புக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அன்று மாஸ்டர் என்னை உட்காரவைத்து, போனில் எடுத்திருந்த வீடியோவைக் கையில் கொடுத்தார். “எண்ணு” என்றார். எதை என்று கேட்டேன். “முதல்ல குத்தை எண்ணு. அப்புறம் பட்டதை எண்ணு. கடைசியா, எதுக்குன்னு உனக்கே தெரியாம அசைஞ்சதை எண்ணு.”

ஒரே ஒரு ரவுண்டை எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நான் வீசிய குத்து 94. பட்டது 17. அவர் வீசியது 31, பட்டது 19. மூன்றாவது கணக்கை என்னால் முடிக்கவே முடியவில்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் லேசாக அசைந்தாலே இரண்டு கையையும் முகத்துக்கு இழுத்தேன். என்னை எட்டவே முடியாத தூரத்தில் அவர் நிற்கும்போதும் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு குத்துக்கும் பிறகு கையுறையைத் தட்டிச் சரிசெய்துகொண்டேன். கால் பின்னிக்கொண்டு நான்கு முறை தடுமாறினேன். இவ்வளவுக்கும் செலவான மூச்சுதான் என்னிடம் இல்லாமல் போனது.

என் இத்தனை வருடப் பயிற்சியில் ஒரு விஷயத்தைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றால் அது இதுதான்: புதியவர் களைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் நுரையீரல் இல்லை, வீண் அசைவு. அந்த வீண் அசைவின் வேர் பயம். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று கண்ணுக்குத் தெரியாதபோது உடம்பு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறது.

முதலில் தோள். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் தூக்கி, “கையோட கனம் முழுசும் என்கிட்ட கொடு” என்றார். கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் சட்டென்று கையை விட்டார். என் கை கீழே விழவில்லை, அந்தரத்தில் அப்படியே நின்றது. நானே அறியாமல் அதைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கை தானாகத் தொப்பென்று விழும்வரை இதைத் தினமும் செய்யவைத்தார். மூன்று வாரம் ஆனது.

இதில் உடற்கூறு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. குத்தும்போது முழங்கையை நீட்டுவது மேல்கையின் பின்பக்கத் தசை. அதே நேரத்தில் முன்பக்கத் தசையும் இறுகியிருந்தால், அது நீட்டும் கையைப் பின்னால் இழுக்கிறது. ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இன்னொரு காலால் வண்டியை முடுக்குவது போல. குத்தும் மெதுவாகப் போகும், களைப்பும் இரட்டிப்பாகும். கோபத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு வீசும் குத்து பலமாக இருப்பதாகத் தோன்றுவது வீசுகிறவருக்கு மட்டும்தான். வாங்குகிறவரைக் கேட்டால், தளர்ந்து வந்து கடைசி நொடியில் மட்டும் இறுகிய முஷ்டிதான் வலித்தது என்பார்.

பயிற்சியாகச் செய்தது எளிமையானது. எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ பாக்ஸிங்கைக் கால்வாசி வேகத்தில் செய்வது. கேட்கும்போது சுலபமாகத் தெரியும், செய்துபாருங்கள். வேகத்தில் மறைந்துகொள்ளும் எல்லாக் குறையும் மெதுவாகச் செய்யும்போது வெளியே வந்துவிடும். என் வலது கை குத்துக்குப் போகும்போதெல்லாம் இடது கை இடுப்புக்கு இறங்குவதை அப்படித்தான் கண்டேன். ஒவ்வொரு குத்துக்கும் சிறிதாக மூச்சை வெளியே விடுவதையும் இதோடு சேர்த்துப் பழகினேன். நிறையப் பேர் அடி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். மூச்சைப் பிடித்தால் வயிறும் நெஞ்சும் தோளும் ஒன்றாக இறுகிவிடும். அதற்கு மேல் எந்தக் குத்தும் தளர்வாகப் போகாது.

அடுத்தது ஜாப். முன் கையால் நேராக நீட்டும் எளிய குத்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அதைச் சரிசெய்ய ஒரு வருடம் பிடித்தது. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு ஜாபுக்கும் முன்னால் என் முழங்கை இரண்டு விரற்கடை பின்னால் போவது தெரிந்தது. கூடவே கண்ணைச் சுருக்கி மூச்சை உள்ளே இழுத்தேன். எதிராளிக்கு அது கடிதம் போட்டுவிட்டு வருவதற்குச் சமம். கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கிளம்பும் ஜாபைத் தடுப்பது அதனால்தான் அவ்வளவு கடினம்: பார்த்து முடிப்பதற்குள் வந்துவிடும். நானோ கையைப் பின்னால் இழுத்து, அந்த 0.2 வினாடியை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சிக்கனம் என்றால் சக்தியை மிச்சம் பிடிப்பது என்று மட்டுமே நினைத்திருந்தவனுக்கு இங்கேதான் கண் திறந்தது. சின்ன அசைவைப் படிக்க முடியாது. மிச்சமாகும் சக்தி அதில் பாதி லாபம்தான், மறைந்திருப்பது மீதிப் பாதி. புரூஸ் லீ இதை ஆழமாக யோசித்தவர். 1967இல் தன் முறைக்கு அவர் வைத்த பெயரான ஜீத் குன் டோ என்பதற்கே ‘இடைமறிக்கும் முஷ்டியின் வழி’ என்று பொருள். வாள்சண்டையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட எண்ணம் அது: தடுத்து, பிறகு அடிப்பது இரண்டு வேலை. எதிராளி வரும் வழியிலேயே அடித்துவிட்டால் ஒரே வேலை. பலமான கையை முன்னால் வைத்து நின்றதும் இதற்காகத்தான். மிக அருகில் உள்ள ஆயுதம், மிகக் குறைந்த தூரம்.

ஜாபைச் சரிசெய்ய மாஸ்டர் சொன்ன வழியை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். சுவரில் முதுகும் முழங்கையின் பின்பக்கமும் படும்படி நின்று குத்த வேண்டும். முழங்கை பின்னால் போக இடமே இருக்காது. தினம் 100 ஜாப். வேகம் வேண்டாம், பலம் வேண்டாம். குத்து கிளம்பும்போது முழங்கை சுவரை அழுத்தினால் அந்தக் குத்து கணக்கில் சேராது. முதல் நாள் 100 சேர்வதற்குள் 300க்கு மேல் குத்தியிருப்பேன்.

தற்காப்பில் எனக்கு இருந்த நோய் வேறு. வருகிற குத்திலிருந்து தப்பித்தால் போதாது, வெகுதூரம் தப்பிக்க வேண்டும் என்று உடம்பு நினைத்தது. ஒரு ஜாபுக்காக இடுப்பு வரை வளைந்துபோவேன். திரும்பி வருவதற்குள் இரண்டாவது குத்து காத்திருக்கும், நான் திருப்பி அடிக்கும் நிலையிலும் இருக்கமாட்டேன். அந்தப் பெரியவர் செய்தது என்ன என்று வீடியோவில் பார்த்தேன். என் கையுறை அவர் காதை உரசிக்கொண்டு போனது. அவர் தலை நகர்ந்தது ஒரு கையுறையின் அகலம்கூட இல்லை. நகர்ந்த இடத்திலேயே அவர் எடை அந்தப் பக்கக் காலில் ஏறியிருந்தது, அங்கிருந்தே குத்தும் கிளம்பியது. தப்பிப்பதும் அடிப்பதற்கான தயாரிப்பும் அவருக்கு ஒரே அசைவு.

இதைப் பழக ரிங்கின் குறுக்கே தோள் உயரத்துக்குக் கயிறு கட்டி, அதன் அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையைக் கொண்டுபோவது பழைய பயிற்சி. எனக்கு அதைவிட உதவியது வேறொன்று. ஸ்பாரிங் துணை ஜாப் மட்டும் போட வேண்டும், மெதுவாக, ஆனால் நிஜமான தூரத்தில். நான் திருப்பி அடிக்கக் கூடாது, பின்னால் போகவும் கூடாது. ஒரு ரவுண்டு முழுக்க அதே. பத்து ரவுண்டு தாண்டியதும் எந்தக் குத்து எட்டும், எது எட்டாது என்று கண் படிக்கத் தொடங்கியது. எட்டாத குத்துக்கு அசையாமல் நிற்க முடிந்த அந்த முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. மூக்குக்கு நான்கு விரல் முன்னால் கையுறை நின்றது. நான் இமைக்கவில்லை. பயம் குறைந்ததால் அசைவு குறைந்ததா, அசைவைக் குறைத்துப் பழகியதால் பயம் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்தது.

தவறிப்போகும் குத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்ட குத்தை எதிராளியின் உடம்பு நிறுத்துகிறது. படாத குத்தை நம் தோளும் முதுகும்தான் பிடித்து நிறுத்தியாக வேண்டும். 94 வீசி 17 பட்டது என்றால், 77 முறை என் கையை நானே பிடித்து இழுத்திருக்கிறேன். காற்றில் குத்துவது களைப்பு என்று ரிங்கில் எல்லோரும் சொல்வது இதனால்தான்.

1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகமது அலி, அப்போதைய உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்கொண்டது இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி. ஃபோர்மனுக்கு 25 வயது, அலிக்கு 32. ஃபோர்மன் அதுவரை 40 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை, அதில் 37 நாக் அவுட். அலி இரண்டாவது ரவுண்டிலிருந்து கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தையும் உடம்பையும் மூடிக்கொண்டார். ஃபோர்மன் அகல அகலமாக வீசினார், பெரும்பாலும் கைகளில் பட்டது, சில காற்றில் போயின. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் களைத்துப்போயிருந்தார், அலி அவரை வீழ்த்தினார். ஆனால் இந்தச் சண்டையைக் காட்டி ‘கயிற்றில் சாய்ந்தால் மிச்சம் பிடிக்கலாம்’ என்று நினைப்பவர்களிடம் நான் மறுப்பேன். அலி வாங்கிய அடிகளும் குறைவில்லை. அங்கே கற்க வேண்டியது ஃபோர்மனின் பக்கத்திலிருந்துதான்: எதிராளி அடைத்துவைத்திருக்கும் கதவை முழுப் பலத்தோடு தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

காலைப் பற்றிச் சொல்லச் சுருக்கமான கணக்கு ஒன்று போதும். அமெச்சூர் குத்துச்சண்டை ரிங் கயிற்றுக்குள் ஒரு பக்கம் 6.1 மீட்டர். நான் நடுவிலும் எதிராளி என்னிடமிருந்து 2 மீட்டர் தள்ளியும் இருந்தால், என்னைச் சுற்றிக் கால் வட்டம் வர அவர் 3 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நான் முன் காலை ஊன்றியபடி பின் காலை மட்டும் திருப்பினால் போதும். முதல் ஸ்பாரிங்கில் யார் நடுவில் நின்றார், யார் சுற்றி ஓடினார் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், குதிப்பது. கயிறு தாண்டும் பழக்கத்தில் பாதத்தை முழுவதும் தரையிலிருந்து எடுத்துவிடுகிறோம். பாதம் அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் குத்தவும் முடியாது, விலகவும் முடியாது. வழுக்கிக்கொண்டு நகர்வதே போதும்.

குத்துச்சண்டையில் நான்கு வருடம் கழித்து, தரையில் கட்டிப் புரண்டு எதிராளியை மடக்கும் கலையான ஜியு-ஜிட்சு சேர்ந்தேன். கற்றதெல்லாம் அங்கே கைகொடுக்கும் என்று நம்பினேன். முதல் நாளே பழைய நோய் புதிய உருவில் வந்தது. என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தவரை இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். அவர் 80 கிலோ. தள்ளத் தள்ள அவர் காத்திருந்தார். என் கை முழுதாக நீண்டதும், மூட்டை மடக்கிப் பூட்டுப் போட அதையே எடுத்துக்கொண்டார். நான் செலவு செய்த பலம்தான் அவருக்கு வழியைத் திறந்துவிட்டது.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஓர் அம்மா, என்னைவிட 20 கிலோ குறைவு. “தசையால தாங்காதே, எலும்பால தாங்கு” என்பார். முழங்கையை மடக்கி முன்கையை எதிராளியின் இடுப்பெலும்புக்கு முட்டுக் கொடுத்து வைத்தால், அவர் எடையைத் தாங்குவது எலும்பு, தசைக்கு வேலை குறைவு. கூரைக்குத் தூண் வைப்பது போல. அதன் பிறகு தள்ளவேண்டியது அவரை இல்லை. நம் இடுப்பைத்தான் ஒரு சாண் நகர்த்தவேண்டும். பெரிய உடம்பை நகர்த்துவதைவிட நம் உடம்பை நகர்த்துவது எப்போதும் மலிவு. பிடியும் அப்படித்தான். உடையின் கழுத்துப்பட்டையை உயிரைப் பிடிப்பது போலப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் முன்கை மரத்துவிடும். விரல்களைக் கொக்கி போல மாட்டிவிட்டு, இழுக்கும்போது மட்டும் இறுக்க வேண்டும்.

1882இல் கோடோகான் என்ற பயிற்சிப் பள்ளியை நிறுவி ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆற்றலை மிகச் சிறந்த பலன் தரும்படி பயன்படுத்துவதையே தன் கலையின் அடிப்படையாக வைத்தார். ஜூடோவில் எறிவதற்கு முன் எதிராளியின் சமநிலையைக் குலைப்பார்கள். நேராக நிற்பவரைத் தூக்குவதற்கும், ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவரை அதே பக்கம் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஒரு முறை பாயில் உணர்ந்தால் போதும். பலத்தைப் பற்றிய நம் எண்ணமே மாறிவிடும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். சிக்கனம் கஞ்சத்தனமாக மாறியது. குதிப்பதை நிறுத்தினேன், தலையசைப்பை நிறுத்தினேன், ஏமாற்று அசைவுகளையும் வீண் என்று நிறுத்திவிட்டேன். ஓரிடத்தில் நின்று, சரியான நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஒரு 19 வயதுப் பையன் என்னைப் புரட்டி எடுத்துவிட்டான். அசையாத இலக்கை அடிப்பது யாருக்கும் கடினமில்லை. எதிராளியின் கண்ணில் நான் எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை, அதனால் அவன் நிம்மதியாகக் குறிபார்த்தான்.

அதற்குப் பிறகு மாஸ்டர் சொன்னதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: “நீ அசைஞ்சதுக்கு அவன் ஏதாவது பண்ணினானா? பண்ணினா அது செலவு இல்ல.” தோளை லேசாக உலுக்கும் ஒரு பொய்க்குத்துக்கு அவன் இரண்டு கையையும் தூக்கினால், நான் கொடுத்தது சில்லறை, அவன் கொடுத்தது நோட்டு. நான் பத்து முறை தலையை ஆட்டியும் அவன் கண்டுகொள்ளவில்லை என்றால் அதுதான் வீண். கையைத் தாழ்த்தி வைப்பதும் இப்படித்தான். சில பெரிய வீரர்கள் கையைத் தொங்கவிட்டுச் சண்டை போடுவதைப் பார்த்து நானும் முயன்றேன். தோளுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. ஆனால் அவர்களுக்குக் கண்ணும் காலும் செய்கிற வேலையை எனக்குக் கைதான் செய்தாக வேண்டும். 450 கிராம் கையுறையைத் தூக்கிவைத்திருக்கும் செலவு எனக்கு நியாயமான செலவு.

புதிதாக வருபவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மூச்சும் தோளும் என்பேன். அவை இரண்டும் தளராமல் மற்றது எதுவும் ஒட்டாது. ஸ்பாரிங்கில் பாதிக்கு மேல் மெதுவாக இருக்கட்டும். முழு வேகத்தில் உடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும், புதியதைக் கற்காது. ஆனால் மாதத்துக்கு ஒரு முறையாவது, பேக்கில் நன்றாகக் களைத்த பிறகு ஒரு ரவுண்டு எடுத்து வீடியோவில் பதிவு செய்யுங்கள். களைப்பில்தான் உண்மையான பழக்கம் தெரியும். பார்த்துவிட்டு ஒரே ஒரு வீண் அசைவை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தைத் திருத்தப்போய் நான் ஆறு மாதத்தை இழந்திருக்கிறேன். ஓட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 9 நிமிடச் சண்டையில் சக்தியின் பெரும்பகுதி ஆக்சிஜனிலிருந்துதான் வருகிறது, அதற்கு ஓட்டம் தேவை. வீணாக்குவதற்காக அதைச் சேர்க்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

போன மாதம் அதே பெரியவரோடு 3 ரவுண்டு போட்டேன். அவருக்கு 60ஐ நெருங்குகிறது. யார் ஜெயித்தது என்று கேட்டால் அவர்தான். ஆனால் மூன்றாவது ரவுண்டின் நடுவில், நான் அவரைக் கயிற்றோரம் திருப்பி நிறுத்தியபோது, இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் வாயால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மணி அடித்ததும் என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், “ஜாப் போடறதுக்கு முன்னாடி இடது குதிகால் இன்னும் எழும்புது” என்றார். இந்த மாதம் அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.